பூட்டுக்குள் ஒரு குடும்பம்

"நாத்தனார் மசிஞ்சுட்டாங்க. இனிமே மாமியாரைப் பார்க்கணும்" என்கிறார் அக்கா, கண்ணைத் திறக்காமல். மடியில் விரித்த கைக்குட்டையின் மேல் ஒரு பித்தளைப் பூட்டு. துவாரத்தில் சாவி இல்லை. கைக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் உள்ளே போயிருக்கின்றன. எதிர் பெஞ்சில் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் பெரியவர் ஏதோ குடும்ப வழக்கு ஓடுகிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து காதைக் கொடுக்கிறார். அக்கா பேசுவது பூட்டுக்குள் திறக்க விடாமல் மறித்து நிற்கும் ஐந்து குட்டிப் பின்களைப் பற்றி என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ரத்தப் பரிசோதனைக்கூடம் பிற்பகலில் சொக்கிப் போய்விடும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வள்ளென்று விழுந்தவர்கள் எல்லாம் கலைந்திருப்பார்கள். உள்ளறையில் ஓர் இயந்திரம் ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டே ஒரே சுருதியில் முனகும். ஜன்னல் வெளிச்சம் தரையில் படுத்தபடி, யாரையும் எழுப்பாமல், கவுன்டர் பக்கம் நகர்ந்து வரும். அந்த வேளையில் அக்காவைப் பார்த்தால் விழித்திருக்கிறாரா, கனவில் இருக்கிறாரா என்று சொல்வது கஷ்டம். குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை முடிந்ததும் பூட்டு மடிக்கு வந்துவிடும். உதடு மட்டும் அசையும்.

வயதில் அக்கா எனக்கு இளையவர்தான். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. தவிர எங்கள் எதிர் வீட்டுக்காரர். மாதம் தவறாமல் ரத்தம் கொடுக்கும் உடம்பு என்னுடையது. ஊசியைக் கண்டால் நடுங்கும் மனசும் என்னுடையதே. போதாததற்கு, என் கையில் நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. ரப்பரால் இறுக்கிக் கட்டி, தட்டி, தேய்த்து, கடைசியில் கெஞ்சிப் பார்ப்பார்கள். அது உள்ளே எங்கேயோ போய்ப் பதுங்கிக்கொள்ளும்.

முன்பெல்லாம் அக்காவின் இடம் கவுன்டர் இல்லை. ரத்தம் எடுக்கும் அறை அவருடையது. என் கையை மேசையில் மல்லாத்தி வைத்து, ஒற்றை விரலை அதன் மேல் வைப்பார். பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார். நடுவில் பேச்சு நிற்கும். "இந்தா, இங்க இருக்காரு. கண்ணாமூச்சி ஆடுறாரு" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொள்வதற்குள் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிடுவார். அந்த ஊரில் நான் மனதார வணங்கிய விரல் அது ஒன்றுதான்.

பிறகு அவருக்கு மார்பில் கட்டி வந்தது. மருந்து ஏற்றினார்கள். கட்டி போயிற்று. போகும்போது கை விரல் நுனிகளில் இருந்த உணர்வையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "விரலுக்கெல்லாம் சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி இருக்கு சார். துணி காஞ்சுதா இல்லையான்னு கன்னத்துல வச்சுத்தான் பார்க்குறேன்" என்றார் ஒரு நாள், மாடியில் கொடியிலிருந்து போர்வையை எடுத்தபடி. சிலருக்கு அது தானாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய வாரமே ஒரு பெண்மணியின் கையில் இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணி சும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அக்கா எழுந்து நேராகக் கூடத்தின் பொறுப்பாளரான டாக்டரம்மாவிடம் போய், "என்னை வெளியில போட்டுருங்க, எனக்குக் கை செத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்து கவுன்டரில் உட்கார்ந்துகொண்டார்.

விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவமனையில் ஒரு தட்டு நிறையப் பொத்தான்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு இரண்டே நாளில் சலித்துப் போனது. "பொத்தான் நம்மகிட்ட எதையுமே மறைக்காது சார். மறைச்சாத்தானே தேட முடியும்?" அந்தச் சமயம் பார்த்து வீட்டுப் பெட்டி ஒன்றின் பூட்டுக்குச் சாவி தொலைந்தது. எப்படித் திறப்பது என்று கைப்பேசியில் தேடப் போனவர், உலகத்தில் சும்மா ஆசைக்காகப் பூட்டுத் திறப்பவர்கள் ஒரு கூட்டமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பை அவரும் செய்தார். தோல் உறையில் வரிசையாகச் செருகிய திறப்புக் கம்பிகளின் பெரிய செட் ஒன்றை வாங்கினார். விரித்து வைத்தால் பல் டாக்டர் வந்துவிட்டாரோ என்று வாய் தானாக மூடிக்கொள்ளும். ரம்பம் மாதிரிப் பல் வைத்த கம்பிகளை அவருக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளே விட்டு வரட் வரட்டென்று இழுத்தால் சில பூட்டுகள் தாமாகத் திறந்துகொள்ளும். "அது கதவைத் தட்டி கலாட்டா பண்ணுறது. நான் கேட்டுத் திறக்கணும்." உள்ளிருப்பது தெரியும்படி செய்த கண்ணாடிப் பூட்டையும் ஒதுக்கிவிட்டார். அது கண்ணுக்குத்தான் பாடம் சொல்கிறது, விரலுக்கு இல்லை என்பது அவர் கட்சி.

கடைசியில் நின்றவை இரண்டே இரண்டு. ஒன்று, நுனி லேசாக வளைந்த கொக்கிக் கம்பி. இது வலது கைக்கு. பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க. இன்னொன்று, முனை மடித்த தட்டைக் கம்பி. இது இடது கைக்கு. சாவியைத் திருப்புவது போல, துவாரம் உள்ள உருளையை இலேசாகத் திருப்பிப் பிடிக்க. அழுத்தம் கூடினால் எல்லாப் பின்களும் இறுகிப் போகும், குறைந்தால் தூக்கியதெல்லாம் விழுந்துவிடும். ஆட்காட்டி விரல் அளவு தெரியாமல் அழுத்தியதால் அந்த வேலையை இடது மோதிர விரலிடம் கொடுத்தார். "அதுக்கு பலம் கிடையாது சார், அதனால திமிரும் கிடையாது." கொக்கிக் கம்பியின் பிடிக்கு மட்டும் தடிமனான ரப்பர் உறை ஒன்று மாட்டியிருந்தார். பிடிப்பதற்குச் சுகமாக இருந்ததாம்.

பித்தளைப் பூட்டு பழகுகிறவர்களுக்கென்றே செய்த ரகம். திருகைக் கழற்றிப் பின்களை இடம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அக்கா கழற்றவே மாட்டார். ஐந்து பின்களுக்கும் அவர் உறவுமுறை வைத்துவிட்டதுதான் காரணம். வாசலை ஒட்டி நிற்பவர் மாமனார். "பேப்பரை விரிச்சுட்டா அசைய மாட்டாரு. எல்லாரும் ஒத்துக்கிட்ட பிறகு கடைசியா தலையாட்டுவாரு." அடுத்து கொழுந்தன், பிறகு மாமியார், அதற்குப் பிறகு நாத்தனார். உள்ளே கடைக்கோடியில் ஓரகத்தி. முதலில் நாத்தனாரைச் சமாதானப்படுத்த வேண்டும். அப்போதுதான் மாமியார் இளகுவார். மாமியார் சரி என்றால் கொழுந்தனும் ஓரகத்தியும் எழுந்து நிற்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் வீட்டுக்காரர், "எங்க வீட்டு ஆளுங்களையே கம்பியால குத்துறியே, உங்க அண்ணன் ஒருத்தரையாவது உள்ள போடக் கூடாதா?" என்று முறையிடுவார். அண்ணனுக்கு அங்கே இடம் இல்லை.

ஆசைக்காகப் பூட்டுத் திறக்கும் கூட்டத்தாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது. அது எவ்வளவு கறாரான சட்டம் என்பதை நான் பனியனும் அரை நிக்கருமாக நின்று கற்றுக்கொண்டேன். குப்பையை வெளியே வைக்கப் போன நேரத்தில் காற்று என் கதவைச் சாத்திவிட்டது. சாவி உள்ளே, மனைவி வெளியூரில். அக்கா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், தேநீர் கொடுத்தார், வீட்டுக்காரரின் சட்டையைக் கூடக் கொடுத்தார். கம்பியை மட்டும் எடுக்கவில்லை. "உள்ள ஏதாவது முறிஞ்சு மாட்டிக்கிச்சுன்னா உங்க வீடே போச்சு சார். நான் இன்னும் பழகுற ஆளு." பூட்டுக்காரர் வரும்வரை மாடிப்படியில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நான் காட்சிப்பொருளாக இருந்தேன். கோபம் வந்தது. ஆனால் அவர் ஒன்று சொன்னார், அதன் பிறகு கோபம் நிற்கவில்லை. "மனுஷங்க கையும் அப்படித்தான் சார். சரியாத் தெரியாம நான் இனிமே தொட மாட்டேன்."

அப்படிப்பட்டவர் ஒரு வாரம் முகமெல்லாம் பூரிப்பாக இருந்தார். பூட்டு இப்போது கேட்ட மாத்திரத்தில் திறக்கிறதாம். பேசிக்கொண்டே திறக்கிறார், பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டே திறக்கிறார். விரலுக்கு உயிர் வந்துவிட்டது என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லியும் விட்டார். டாக்டரம்மா வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். "திங்கட்கிழமை கூட்டம் குறைஞ்சதும் என் கண் முன்னால எடுத்துக் காட்டுங்க. ஒரே தடவைதான். வரலைன்னா மனசு கஷ்டப்படக் கூடாது, அந்த அறைக்கு நிரந்தரமா வேற ஆள் போட்டுருவேன்" என்றார். யார் கையில் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, என் வாய் என்னைக் கேட்காமலே, "என் கை இருக்கே" என்றது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாயைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் கதவைத் தட்டினார். "சார், கொஞ்சம் வாங்களேன். அவ ஒரு மாதிரி உக்காந்திருக்கா."

போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் தரையில் அக்கா. மடியில் பூட்டு. கண் சிவந்திருந்தது.

"போச்சு சார். மறுபடியும் சாக்ஸ் மாட்டிக்கிச்சு. காலையிலேருந்து நாத்தனார் பிடி கொடுக்கவே மாட்டேங்குறா. நாளைக்கு நீங்க வராதீங்க. உங்க கையை நான் சல்லடையாக்க மாட்டேன்."

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே வைத்தபடி, "நான் ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?" என்றார்.

"என்ன?"

"நேத்து நீ கடைக்குப் போயிருந்தப்போ அந்தப் பூட்டைக் கழட்டினேன். திங்கட்கிழமை பரீட்சையாச்சே, உள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டு வச்சா உனக்கு லேசா வருமேன்னு... திருகை எடுத்ததுதான் தாமதம், ஸ்பிரிங் எல்லாம் வெட்டுக்கிளி மாதிரி தாவிடுச்சு. பின்னு எல்லாம் உருண்டு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. படுத்துத் தேடி எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். ஒண்ணு கூட விடல. ஆனா எது எந்த இடம்னு தெரியல. கிடைச்ச வரிசையில போட்டு மூடிட்டேன்."

"குடும்பத்தையே கலைச்சுட்டீங்களா?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வீட்டுக்காரர் ஆபத்து நீங்கியது என்று உள்ளே வந்து உட்கார்ந்தார். விரலில் கோளாறு இல்லை, பூட்டில்தான் கோளாறு என்று எங்கள் இருவருக்கும் ஒரே நிம்மதி. அப்போதுதான் அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ இத்தனை நாளா நான் தொட்டுத் தெரிஞ்சு திறக்கலையா?" என்று பூட்டிடம் கேட்டார். "நாலாவது இடத்துல நாத்தனார் இருப்பான்னு மனசுக்குத் தெரியும். எவ்வளவு தூக்கணும்னு கைக்குப் பழகிப் போச்சு. வேற ஆளை அந்த இடத்துல நிறுத்தினா எனக்கு அடையாளமே தெரியல. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடமா ஒப்பிச்சிருக்கேன். விரல் வரவே இல்ல சார். டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

எண்ணெய் போடப் போன மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அக்கா வீட்டுக்காரரிடம் கத்தி வாங்கி, கொக்கிக் கம்பியின் ரப்பர் உறையை நீளவாக்கில் கீறி உரித்துப் போட்டார். "மெத்தை மேல உக்காந்துக்கிட்டு தரை எப்படி இருக்குன்னு கேட்டுட்டு இருந்திருக்கேன்." வெறும் எஃகு. பிடிக்கவே கூசும் மெலிசு. கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நேரம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் திரை உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி உள்ளே வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள், அது எங்கேயோ தண்ணீருக்கு அடியில் அடித்தது போல் கேட்டது. அக்கா இந்த முறை யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. உள்ளே நிற்பவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. கம்பி ஒருவரைத் தொடும், நிற்கும், விலகும், அடுத்தவரிடம் போகும். அவசரமே இல்லாத போக்கு. எனக்குக் கண் செருகியது. பாதித் தூக்கத்தில், நானும் அந்தப் பித்தளை இடைவழியில் இருட்டில் சுவரைத் தடவியபடி நடந்துகொண்டிருந்தேன். எதிரே நிற்பவர்கள் யாரும் என்னை விரோதமாகப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்பது போல் நின்றார்கள்.

ஒரு சின்னச் சத்தம். கண் விழித்தால் பூட்டு திறந்திருந்தது. வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். அக்கா பூட்டைப் பார்க்கவே இல்லை. தன் இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி, யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கை இன்னும் ஊமைதான்" என்றார் மெல்ல. "இந்தப் பக்கத்துலேருந்துதான் சொன்னாங்க. ஒவ்வொரு பின்னும் உக்காரும்போது இந்த மோதிர விரல்ல ஒரு சின்ன நழுவல். நான் வலது பக்கமே காத்துக்கிட்டு இருந்தேன். வந்தவங்க இந்த வாசல் வழியா வந்திருக்காங்க."

நிஜந்தானா என்று சோதிக்க வேண்டாமா? வீட்டுக்காரர் தன் தலையில் மிச்சமிருந்த முடிகளில் ஒன்றைத் தியாகம் செய்தார். அதை மேசையில் வைத்து மேலே ஒரு தாளைப் போட்டார். அக்கா கண்ணை மூடி வலது விரலால் தடவினார், ஒன்றும் இல்லை என்றார். இடது மோதிர விரல் தாளின் மேல் போயிற்று, ஓரிடத்தில் தயங்கிற்று. தாளைத் தூக்கினால் முடி அங்கே இருந்தது. முடியை இடம் மாற்றி மாற்றி வைத்தோம். ஒருமுறை நான் முடியே வைக்காமல் தாளைப் போட்டேன். வெகுநேரம் தடவிவிட்டு, "இங்க யாரும் இல்ல" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தேநீர் கிடைக்குமா என்று கேட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை, ரத்தம் எடுக்கும் அறையில் டாக்டரம்மாவிடம் அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மனப்பாடமாகத் திறந்ததையும் சொன்னார். "ஒரே தடவை. தெரியலைன்னா ஊசியே போட மாட்டேன், நானே எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தைரியசாலி போலத் தலையாட்டினேன்.

அக்கா என் கையை மல்லாத்தி வைத்து, மேலே ரப்பரைக் கட்டினார். சோப்புப் போட்டுக் கழுவிய இடது கையை என் முழங்கை மடிப்பில் கொண்டுவந்தார். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, மோதிர விரலை மட்டும் இறக்கினார்.

"இடது கையா?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். எடுக்கிறது வலது கைதான். தேடுறது இது."

விரல் மேலே போயிற்று. கீழே வந்தது. என் தோலுக்குள் எதுவும் இருப்பதாக எனக்கே தெரியவில்லை. ஒருகணம் விரல் முழுதாக எழும்பிவிட்டது. எந்திரிச்சுப் போகப் போகிறார் என்று நினைத்தேன். ஊசிக்குப் பயந்து சாகிற நான், போகாதே, போகாதே என்று உள்ளுக்குள் கத்தினேன். டாக்டரம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

விரல் மறுபடி இறங்கியது. இந்த முறை அழுத்தவே இல்லை, தோலின் மேல் வெறுமே படுத்துக்கொண்டது. மெல்ல ஓரமாக நகர்ந்தது. நின்றது. அக்காவின் கண்கள் மூடியிருந்தன. இடது விரலை அங்கிருந்து இம்மியும் எடுக்காமல், வலது கையை டாக்டரம்மாவின் பக்கம் நீட்டி, ஊசிக்காக உள்ளங்கையை விரித்தார்.